முதல் டைவ் கம்ப்யூட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: போன டிசம்பரில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில், சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங்குக்கான முதல் கட்டப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தேன். வயது 29. வருடத்துக்கு ஒரு தடவை அந்தமான், நடுவில் இரண்டு மூன்று வாரக்கடைசி புதுச்சேரி, இவ்வளவுதான் திட்டம். கோர்ஸ் நடத்தியவர் முதலில் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறார். நண்பனோ கேமரா வாங்குடா, கம்ப்யூட்டர் வாடகைக்கே கிடைக்கும் என்கிறான். நெட்டில் தேடினால் அல்காரிதம், கிரேடியன்ட் ஃபேக்டர், ஏர் இன்டக்ரேஷன் என்று தலை சுற்றுகிறது. எதை வாங்கலாம்? (சென்னை வாசகர்)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க், அதற்கு அடுத்தது கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் அப்புறம். கோர்ஸ் முடித்த கையோடு கேமரா வாங்கியவர்கள் படம் எடுக்கிற மும்முரத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதையே மறந்துவிடுவதை நிறையவே பார்த்தாயிற்று.

டைவ் கம்ப்யூட்டர் என்றதும் சிலிண்டரில் எவ்வளவு காற்று பாக்கி என்று காட்டும் கருவி என்றுதான் புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். சாதாரண மாடல்கள் அதைக் காட்டாது. அதற்கு, வாயில் வைத்துச் சுவாசிக்கும் ரெகுலேட்டரோடு தொங்கும் பிரஷர் கேஜ் இருக்கிறதே. கம்ப்யூட்டர் அளப்பது ஆழத்தையும் நேரத்தையும்தான். அவற்றை வைத்து உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கும் (அது வெளியேற நேரம் கொடுக்காமல் மேலே வந்தால் ஆபத்து) என்று சில விநாடிக்கொரு தடவை கணக்குப் போட்டு, இதே ஆழத்தில் இன்னும் இத்தனை நிமிடம் இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் நேராக மேலே வர முடியாது, வழியில் கட்டாயம் நின்று நின்றுதான் வர வேண்டும் என்று சொல்லும். மேலே வரும்போது வேகம் கூடினால் கத்தும், ஐந்து மீட்டரில் பாதுகாப்புக்காக நிற்கும் மூன்று நிமிட சேஃப்டி ஸ்டாப்பை எண்ணிக் காட்டும். மூச்சடக்கி முத்துக் குளித்தவர்களுக்கு இந்தக் கணக்கு பெரிதாகத் தேவைப்படவில்லை, ஒரு மூச்சு தீர்வதற்குள் மேலே வந்துவிடுவார்கள். சிலிண்டர் காற்றை ஆழத்தில் முக்கால் மணி நேரம் சுவாசிப்பது வேறு சமாச்சாரம்.

அட்டவணை போதாதா என்றால், கோர்ஸில் PADI என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணை பார்த்திருப்பீர்கள்: 18 மீட்டருக்கு அதிகபட்சம் 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம். நீங்கள் 18 மீட்டரில் ஐந்தே நிமிடம் இருந்துவிட்டு மீதி நேரமெல்லாம் பத்து மீட்டரில் மீன் பார்த்தாலும் அட்டவணைக்கு அது முழுக்க 18 மீட்டர் டைவ்தான். கம்ப்யூட்டர் நீங்கள் உண்மையில் போன வழியை வைத்துக் கணக்கிடுவதால் தண்ணீருக்குள் கூடுதல் நேரம் கிடைக்கும்.

வாடகை விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, என் கதையிலேயே சொல்கிறேன். சில வருடம் முன்பு ஹேவ்லாக்கில், டைவுக்கு முந்தின ராத்திரி தங்கியிருந்த அறையில், மங்கலான டியூப்லைட் வெளிச்சத்தில் நானே பாட்டரி மாற்றினேன். மூடியைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. முதல் டைவ் முடிகிற நேரத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிந்து, எண்கள் வெளிறி, படகில் ஏறும்போது திரை மொத்தமாகக் காலி. வாடகைக்கு வேறு ஒன்று தரத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் காலையில் என் உடம்பில் ஏறிய நைட்ரஜன் அந்தப் புது கம்ப்யூட்டருக்குத் தெரியாதே! அதைப் பொறுத்தவரை நான் அப்போதுதான் கரையிலிருந்து வந்தவன், அதனால் எனக்குத் தகுதியில்லாத நிமிடங்களையெல்லாம் தாராளமாகத் தரும். மற்றவர்கள் இரண்டாவது டைவுக்கு இறங்க நான் படகில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்தாலும் இதே கதைதான். ஜோடியாக இறங்குபவரின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் சரிவராது, அவர் உங்களைவிட இரண்டு மீட்டர் மேலே மிதந்துகொண்டிருப்பார்.

சரி, எதை வாங்குவது. அல்காரிதம், அதாவது அந்த நைட்ரஜன் கணக்கைப் போடும் முறை, பற்றி ரொம்பவும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஷியர்வாட்டர் மாதிரியான கம்பெனிகள் சுவிஸ் மருத்துவர் பூல்மன் வகுத்த கணக்கைப் பயன்படுத்துகின்றன. சூன்டோ, கிரெஸ்ஸி, மாரெஸின் பல மாடல்களில் ஆர்ஜிபிஎம் என்ற இன்னொரு கணக்கு முறை இருக்கிறது. உங்கள் அளவு டைவுக்கு, அதாவது 18 மீட்டருக்குள், ஒரு நாளைக்கு இரண்டு டைவ் என்றால், பெரும்பாலும் நிமிடக் கணக்கு தீர்வதற்கு முன்பே சிலிண்டரில் காற்று தீர்ந்துவிடும். ஆர்ஜிபிஎம் மாடல்கள் சில இரண்டாவது, மூன்றாவது டைவில் கொஞ்சம் கறாராக நடந்துகொள்ளும் என்று பழைய டைவர்கள் அலுத்துக்கொள்வார்கள். புதியவருக்கு அந்தக் கறார் நல்லதே. கிரேடியன்ட் ஃபேக்டர் என்பது பூல்மன் கணக்கில் அந்தக் கறாரைக் கூட்டிக் குறைக்கிற திருகு. ஷியர்வாட்டரின் பெரெக்ரின் மாடலில் அதை 40/85 என்று நடுத்தரமாக வைத்தே தருகிறார்கள், அதில் கை வைக்காதீர்கள்.

நான் பார்க்கச் சொல்வது வேறு மூன்று விஷயங்களை. முதலாவது திரை. கடையில் டியூப்லைட்டுக்குக் கீழே எல்லாத் திரையும் நன்றாகத்தான் தெரியும். புதுச்சேரியில் 15 மீட்டரில், தண்ணீர் பச்சையாகக் கலங்கி, கையை நீட்டினால் விரல் நுனி மங்கும் நாளில், மலிவு மாடல்களின் கறுப்பு வெள்ளைத் திரையைப் படிக்கக் கையை மாஸ்க்குக்கு முன்னால் கொண்டுவந்து பட்டனை அமுக்கி விளக்குப் போட வேண்டியிருக்கும். முடியாது என்றில்லை, பழகிவிடும். வண்ணத் திரை உள்ளவற்றில் ஓரக்கண் பார்வையே போதும்.

அடுத்தது பாட்டரி. நாமே மாற்றக்கூடிய நாணய பாட்டரியா, சார்ஜ் செய்வதா, கம்பெனிக்கு அனுப்பித்தான் மாற்ற வேண்டுமா? வருடத்தில் பத்துப் பதினைந்து டைவ் போடுபவருக்கு முதல் வகைதான் நிம்மதி. பத்து மாதம் அலமாரியில் கிடந்துவிட்டுப் பயணத்துக்கு முன்னால் புது பாட்டரி போட்டுக்கொள்ளலாம் (வீட்டிலேயே, பகல் வெளிச்சத்தில், ஓ-ரிங்கைத் துடைத்துவிட்டு!). கம்பெனிக்கு அனுப்பும் வகையை இந்தியாவில் இருந்துகொண்டு வாங்காதீர்கள் என்பேன். அனுப்பி, வந்து, சுங்கத்தில் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் சீசன் போய்விடும்.

மூன்றாவது, தப்பு செய்தால் அது என்ன செய்யும் என்பது. கட்டாயம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே வந்துவிட்டால் பல மாடல்கள் கோபித்துக்கொண்டு 24 அல்லது 48 மணி நேரத்துக்குக் கணக்குப் போடவே மறுத்துவிடும், ஆழமும் நேரமும் மட்டும் காட்டும். ஷியர்வாட்டர் அப்படிப் பூட்டிக்கொள்வதில்லை. இதில் எது சரி என்று டைவர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

ஏர் இன்டக்ரேஷன் வேண்டாம். சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் மணிக்கட்டுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் மட்டுமே 300 டாலருக்கு மேல் போகும், அந்தக் காசில் ஓர் அந்தமான் பயணத்தின் பாதியை முடிக்கலாம். நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) வசதி இப்போது அடிமட்ட மாடலிலும் வருகிறது, அதற்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் கணக்குக்கு கிரெஸ்ஸி லியோனார்டோ அல்லது மாரெஸ் பக் புரோ போதும். இரண்டிலும் ஒரே பட்டன், பெரிய எண்கள், நாமே மாற்றும் பாட்டரி. அந்த ஒரே பட்டனை அமுக்கி அமுக்கி மெனுவுக்குள் போவது எரிச்சல்தான், ஆனால் அதைக் கரையில்தான் செய்யப் போகிறீர்கள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை கொடுக்க மனமிருந்தால் ஷியர்வாட்டர் பெரெக்ரின். வண்ணத் திரை, கணக்கும் வெளிப்படை, பின்னால் ஆழமாகப் போகக் கற்றுக்கொண்டாலும் மாற்ற வேண்டியிருக்காது. வருடத்துக்கு இருபது டைவ் தாண்டும் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடிந்தால் மட்டும் இது. இங்கே விற்பவரிடம் வாங்கினாலும் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தாலும் வாரன்டி எந்த நாட்டில் செல்லும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விலை வித்தியாசத்தில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒன்று விட்டுவிட்டேன். வெட்சூட் எனும் ரப்பர் உடை ஆழத்தில் அழுத்தத்தால் மெலியும், மேலே இறுக்கமாகக் கட்டிய பட்டை கீழே போனதும் தொளதொளவென்று மணிக்கட்டைச் சுற்றித் திரும்பிவிடும். சாதா பட்டைக்குப் பதில் இழுபடும் கயிறு போட முடிகிற மாடலாகப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 48 வயது, படிக்கக் கண்ணாடி வேண்டும். மகன் ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா வாங்கித் தருகிறேன், அதிலேயே டைவும் செய்யலாம் என்கிறான். நம்பலாமா? (மதுரை வாசகி)

பதில்: நம்பலாம். 40 மீட்டர் வரைதான் அது வேலை செய்யும், உங்களுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஓஷனிக் பிளஸ் என்ற ஆப் மூலம் நைட்ரஜன் கணக்கும் கிடைக்கும், ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். பயணத்தன்று காலையில் சந்தா முடிந்திருப்பது தெரிந்து, படகில் சிக்னல் தேடி அலையும் அவஸ்தையை நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது, பக்கவாட்டில் உள்ள பட்டன்களைப் பழகிக்கொள்ள வேண்டும். என் தயக்கம் உங்கள் கண்ணைப் பற்றியது. கைக்கடிகார அளவுத் திரையில் ஆழம், நிமிடம், மேலேறும் வேகம் எல்லாவற்றையும் அடைத்தால் படிக்கக் கண்ணாடி போடுபவருக்குச் சிரமம். தண்ணீரில் பொருள்கள் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் என்றாலும் அதை நம்பி வாங்காதீர்கள். தீப்பெட்டியைவிடப் பெரிய முகம் கொண்ட ஏதாவது ஒரு டைவ் கம்ப்யூட்டரைக் கண்ணாடி இல்லாமல் ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். படிக்க முடிந்தால் அதுதான் உங்களுக்கு.

50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்டிருக்கும் சாதாரண ஸ்மார்ட்வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மட்டும் இறங்க வேண்டாம். அது நீச்சல் குளத்துக்குச் சொன்னது.

கேள்வி: பழைய சூன்டோ ஜூப் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? அடுத்த மாதம் போர்ட் பிளேர் போகிறேன். (கோவை வாசகர்)

பதில்: வாங்கலாம், முதலில் கையில் வாங்கிப் பாருங்கள். பாட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கக் கூடாது. தண்ணீரில் நனைத்ததும் தானே விழிக்க வேண்டும். பின்புறம் சென்சார் துளைகளில் உப்பு கட்டியிருந்தால் வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். சிலிண்டர் காற்றைப் பீய்ச்சி மட்டும் சுத்தம் செய்யாதீர்கள், சென்சார் போய்விடும். பழைய டைவ் பதிவுகளைப் புரட்டுங்கள். முதல் இரண்டு டைவில், உங்களைக் கூட்டிப்போகும் டைவ் மாஸ்டரின் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஆழத்தை ஒப்பிடுங்கள். அரை மீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், இரண்டு மீட்டர் என்றால் திருப்பிக் கொடுங்கள்.

போர்ட் பிளேர் என்றதால் இன்னொன்று. பல நாள், பல டைவ் போட்டால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் விடச் சொல்கிறார்கள். மறுநாள் காலை 9 மணி விமானம் என்றால் முந்தின நாள் பிற்பகல் 3 மணிக்குள் தண்ணீரைவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். டைவ் முடிந்ததும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு குட்டி விமானப் படம் வரும். அது மறைகிற வரை பொறுங்கள், டிக்கெட்டையும் அதற்கேற்றபடி போடுங்கள்.