வீக்கம் மூட்டில், தேடல் மண்ணீரலிலா?

கேள்வி: முடக்குவாத ஆய்வில் சுண்டெலிக்கு மூட்டு வீக்கத்தை வரவழைத்துவிட்டு, மண்ணீரலையும் நிணநீர்க் கணுக்களையும் எடுத்துப் பார்க்கிறார்களாமே, ஏன்? (வாசகி ஒருவர்)

பதில்: மூட்டையும் பார்க்கிறோம். ஆனால் கதை அங்கே தொடங்குவதில்லை. குருத்தெலும்பில் உள்ள இரண்டாம் வகைக் கொலாஜன் என்ற புரதத்தை, கொன்ற காசநோய்க் கிருமி கலந்த எண்ணெயில் குழைத்து வாலின் அடியில் ஊசி போடுவோம். இருபத்தோராம் நாள் இன்னொரு ஊசி. அதுவரை எலி ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். வேலையெல்லாம் இடுப்பு மடிப்பில் இருக்கும் நிணநீர்க் கணுவில்தான். அங்கே டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற காவல் செல்கள், கொலாஜன் துணுக்கை நோயெதிர்ப்பை இயக்கும் டி செல்லுக்குக் காட்டும். டி செல் தூண்ட, பி செல் எதிர்ப்பொருள் தயாரிக்கும். அது எலியின் சொந்தக் குருத்தெலும்பிலேயே போய் ஒட்டும். பாதம் சிவந்து வீங்குவது அதற்கப்புறம்தான். ஒரு பாதத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண், நாலு பாதத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 16.

மண்ணீரலும் கணுவைப் போல நோயெதிர்ப்புச் செல்கள் கூடும் இடம்தான். ஆனால் அதை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். அது சுலபம். சல்லடையில் வைத்து சிரிஞ்சின் பின்கட்டையால் தேய்த்தால் பத்து கோடி செல் கிடைத்துவிடும். மூட்டுச் சவ்வை நுண்ணோக்கிக்கடியில் பிரித்து, நொதியில் ஊறவைத்து, மாலை வரை மல்லாடினாலும் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால் மண்ணீரலில் வீக்கத்தைத் தூண்டும் டிஎச்17 செல்கள் குறைந்தன, அடக்கும் டி-ரெக் செல்கள் கூடின என்பதோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஏனென்றால், எதிர்ப்பொருள் உருவாகிவிட்டால் மூட்டுக்குக் கணுவின் தயவு தேவையில்லை. கே/பிஎக்ஸ்என் என்ற எலி வகைக்குத் தானாகவே மூட்டுவாதம் வரும். எதிர்ப்பொருள் நிறைந்த அதன் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி), டி செல்லும் பி செல்லும் இல்லாத எலிக்கு ஏற்றினாலும் சில நாளில் பாதம் வீங்கும். அங்கே முக்கிய வேலை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்களுடையது. மனிதர்களிலும் பலருக்கு வலி தொடங்கப் பல வருடம் முன்பே ரத்தத்தில் முடக்குவாதத்துக்கே உரிய சிசிபி எதிர்ப்பொருள் இருக்கிறது.

ஆக, ‘எலியில் மருந்து பலித்தது’ என்று படித்தால், மருந்தை வீக்கத்துக்கு முன் கொடுத்தார்களா பின் கொடுத்தார்களா என்று பாருங்கள். முன்பே கொடுத்தால் கணுவில் நடப்பதைத் தடுக்கலாம். மருத்துவரிடம் வரும் நோயாளிக்கோ ஏற்கெனவே வீங்கியிருக்கும். லண்டனில் ஃபெல்ட்மன், மைனி குழு 1992-இல் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்தை, ஏற்கெனவே வீங்கிய எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தது. வீக்கம் தணிந்தது. அதே வருடம் நோயாளிகளுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள்.