கேள்வி பதில்: பள்ளிப் பிள்ளைகளுக்கு மெஷின் லேர்னிங்

எட்டாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். மெஷின் லேர்னிங் என்றால், விதிகளை நாம் எழுதிக்கொடுக்காமல் உதாரணங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கற்றுக்கொள்வது. கேளுங்கள். எந்த லேப்டாப் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மகன் ஒன்பதாவது. எந்த மொழியில் தொடங்கலாம்?

பைத்தான்.

ஸ்டேட் போர்டு, பிளஸ் ஒன். இந்த வருடம் சி பிளஸ் பிளஸ், அடுத்த வருடம் பைத்தான். குழப்பமாக இருக்கிறது, அக்கா.

லூப், இஃப், ஃபங்ஷன் மூன்றும் ஒரு மொழியில் கைவந்துவிட்டால் அடுத்த மொழிக்கு மாறுவது பெரிய வேலை இல்லை, தம்பி. இந்த வருடம் நிரலைத் தாளில் வரிவரியாக ஓட்டிப் பார்த்துப் பழகு.

அரசுப் பள்ளி ஆசிரியை. முப்பது பிள்ளைகள், கம்ப்யூட்டர் இரண்டே இரண்டு. எங்கே ஆரம்பிக்க?

கூகுளின் டீச்சபிள் மெஷின் போதும், டீச்சர். பிரவுசரிலேயே ஓடும், கணக்குத் தொடங்க வேண்டாம். இரண்டு வகைப் படங்களைக் காட்டினால் பிரிக்கப் பழகிக்கொள்ளும். அப்படிப் பழகியதைத்தான் மாடல் என்கிறோம்.

ஆனால் அது சரியாகச் சொல்லும்போது பாடம் நடக்காது, தவறும்போதுதான் நடக்கும். என் வகுப்பில் ஒரு குழு மாங்காயையும் மாம்பழத்தையும் பிரிக்கும் மாடல் செய்தது. எல்லாம் சரியாகச் சொன்னது. ஒரு பச்சை மாங்காயை எவர்சில்வர் தட்டில் வைத்துக் காட்டச் சொன்னேன். 'மாம்பழம்' என்றது. பழங்களை எல்லாம் தட்டில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள், காய்களைச் செய்தித்தாளில். மாடல் கற்றுக்கொண்டது தட்டை! இதைப் பார்த்த பிள்ளைகளிடம் 2018-இல் வந்த ஜெண்டர் ஷேட்ஸ் ஆய்வைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களில், கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போனது. வெளிர்நிற ஆண்களிடம் 0.8-ஐத் தாண்டவில்லை.

ஒரு எச்சரிக்கை, இதை இன்னும் பலமுறை சொல்லுவேன்: பழகக் கொடுத்த படத்தையே பரீட்சைக்கும் வைக்காதீர்கள்.

என் மகளின் மாடல் 99 சதவீதம் சரி. போட்டிக்கு அனுப்பலாமா?

எந்தப் படங்களில் சோதித்தாள்? பழகிய படங்களிலேயே என்றால் அனுப்ப வேண்டாம்.

நான் இந்தத் துறையில் வேலை பார்க்கிறேன். கால்குலஸும் மேட்ரிக்ஸும் தெரியாத பிள்ளைக்கு மெஷின் லேர்னிங் சொல்லித்தருவது ஏமாற்று வேலை. பட்டனை அமுக்கத்தான் பழக்குகிறீர்கள்.

பட்டனோடு நிறுத்தினால் நீங்கள் சொல்வது சரிதான், சார். நான் நிறுத்துவதில்லை.

புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-இல் பயன்படுத்திய ஐரிஸ் பூ அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று வகை, 150 பூ. இதழின் நீளம், அகலம் இரண்டை மட்டும் வைத்துக்கொள்வோம். வகைக்கு ஒரு பூ: செட்டோசா 1.4, 0.2. வெர்சிகலர் 4.7, 1.4. வர்ஜினிகா 6.0, 2.5. எல்லாம் சென்டிமீட்டரில். பெயர் தெரியாத ஒரு பூ 4.5, 1.5. இது எந்த வகை? ஆயத்தொலைவு வடிவியலில் படித்த தூரச் சூத்திரத்தைப் போட்டால் செட்டோசாவுக்கு 3.36, வெர்சிகலருக்கு 0.22, வர்ஜினிகாவுக்கு 1.80. கிட்டத்தில் இருப்பது வெர்சிகலர். இதுவும் மெஷின் லேர்னிங்தான். இதில் கால்குலஸ் எங்கே வந்தது? நீளத்தை மட்டும் மில்லிமீட்டருக்கு மாற்றிவிட்டு மறுபடி போடச் சொல்வேன். அகலத்துக்கு மதிப்பே இல்லாமல் போவதைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

அதே நபர்: இது பழங்காலத்துப் பூக்கணக்கு, மேடம். இன்று நியூரல் நெட்வொர்க். அதை எப்படிச் சொல்வீர்கள்?

உள்ளே வரும் எண்களை எடை என்னும் எண்களால் பெருக்கிக் கூட்டித்தான் நியூரல் நெட்வொர்க் விடை சொல்கிறது. ஒரு எடையை 0.1 கூட்டிப் பார், பிழை குறைந்ததா? குறைந்தால் அந்தப் பக்கமே போ, கூடினால் திரும்பு. பத்தாவது பிள்ளை இதை அட்டவணை போட்டே செய்யும். பிளஸ் ஒன்னில் வகைநுண்கணிதம், அதாவது நீங்கள் சொன்ன கால்குலஸ், படிக்கும்போது, எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்காமலே சொல்லலாம் என்று புரியும். எதற்குப் படிக்கிறோம் என்று தெரிந்து படிப்பார்கள். உங்கள் வரிசையில் போனால் மேட்ரிக்ஸ் முடிவதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

சிபிஎஸ்இயில் ஏஐ பாடம் எடுக்கலாமா?

பாட எண் ஒன்பது, பத்தில் 417, பிளஸ் ஒன், பிளஸ் டூவில் 843. எடுத்து நடத்த ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் பிளஸ் ஒன்னில் 083, வழக்கமான கம்ப்யூட்டர் சயின்ஸே மேல்.

ஏழாவது படிக்கிறாள். பைத்தானா, ஜாவாவா?

முதல் பதிலைப் பாருங்கள்.

சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிக் கொடுத்துவிடுகிறான். எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம். "இந்த நான்காவது வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பதில் சொன்னால் எங்கிருந்து வாங்கினான் என்பது எனக்கு முக்கியமில்லை. முழித்தால் அந்த நிரலை அழித்துவிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள்.

பைத்தானுக்கு முன்னால் சி படித்தால்தானே அடிப்படை பலமாகும்?

மொழிக் கேள்விகளுக்கு இனி பதில் இல்லை.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

பதினான்கு வயசுப் பிள்ளைக்கா? வேறு யாரையாவது கேளுங்கள்.

மேலே கேட்ட ஆசிரியைதான். ஐரிஸ் பூவை எங்கள் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. வேறு எதை அளக்கலாம்?

வேப்பிலை, கறிவேப்பிலை. கொத்திலிருந்து சிற்றிலையைத் தனியே கிள்ளி, ஸ்கேலால் நீளம், அகலம், இரண்டையும் மில்லிமீட்டரில். நீண்ட வேப்பிலையாகப் பார்த்துப் பறிக்காமல் சின்னதும் பெரியதும் கலந்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கணக்கு சப்பென்று முடிந்துவிடும். வகைக்கு ஐம்பது போதும். அளக்கத் தொடங்கும் முன்பே வகைக்குப் பத்து இலையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, ஒரு கவரில் போட்டு ஒட்டி, பரீட்சைக்கென்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரை யார் கெஞ்சினாலும் பிரிக்காதீர்கள்.