குளிசை பிரிட்ஜுக்கு மேல், நாங்கள் நுவரெலியாவில்

கேள்வி: டொக்டர், எங்களுக்கு வெள்ளவத்தை. எனக்கு 57 வயது, கணவருக்கு 62. பிள்ளைகள் இருவரும் கனடாவில். போன போயாவோடு சேர்ந்து வந்த லீவுக்கு முதல் நாள், இரவுச் சாப்பாட்டில் இருக்கும்போது “நுவரெலியாப் பக்கம் ஒருக்கால் போவமா?” என்று கேட்டார். விடிய நாலரைக்கே காரை எடுத்துவிட்டோம். அறைகூட ஒழுங்கு செய்யவில்லை. அவிசாவளை, ஹட்டன் வழியாக நுவரெலியா, அடுத்த நாள் பண்டாரவளை, அதற்கடுத்த நாள் அப்புத்தளை, பலாங்கொடை வழியாகக் கொழும்பு. கினிகத்தேனையில் தொடங்கிய சத்தி எனக்கு ஹட்டன் தாண்டியும் நிற்கவில்லை. அங்கே வாங்கிப் போட்ட குளிசையும் சத்தியோடு போய்விட்டது. நுவரெலியாவில் இருவருக்கும் தலையிடி. அவருக்குப் படி ஏற மூச்சு வாங்கியது. அவருடைய சீனிக் குளிசைகள் என் கைப்பையில் இருந்தன, பிரஷர் குளிசைகளை (லொசார்டன், அட்டெனொலொல்) வீட்டில் பிரிட்ஜுக்கு மேலேயே விட்டுவிட்டோம். பண்டாரவளையில் பார்த்தபோது பிரஷர் 178/104. வீட்டுக்கு வந்ததும் விடுபட்டதற்கும் சேர்த்து இரண்டு மடங்காகப் போட்டார். அடுத்த நாள் எழும்பும்போது தலை சுற்றியது. வெலிமடைப் பக்கம் கார் ஓட்டும்போது அவருக்கு ஒருமுறை கொஞ்சம் வியர்த்துக் கை நடுங்கியது, டொபியும் பிளேன்டீயும் கொடுத்தேன், சரியாகிவிட்டது. மலையின் உயரம்தான் பிரஷரைக் கூட்டியதா? மகன் இனிமேல் இப்படிப் போகவே கூடாது என்று ஏசுகிறான். எங்களுக்கு ஹோட்டன் சமவெளியும் பார்க்க ஆசை. போகலாமா?

பதில்: அம்மா, பிரஷரைப் பற்றி நிறைய எழுதிவிட்டு, வெலிமடையில் நடந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரியில்தான் நெஞ்சு திக்கென்றது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் திருப்பிக் கேட்டதும் நீங்கள் மற்ற விபரங்களோடு அனுப்பிய கிளினிக் கொப்பிப் படத்தில் சீனிக்கு மெட்போர்மினோடு கிளிக்லசைடும் இருக்கிறது. மெட்போர்மின் தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிக்லசைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்திலிருந்து இன்சுலினை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அன்று காலை ஏழரைக்கு ஐயா இரண்டு துண்டு பாணோடு குளிசையைப் போட்டார், ஹக்கலைத் தோட்டத்தில் மேடும் பள்ளமுமாக இரண்டு மணித்தியாலம் நடந்தார், பகல் இரண்டு மணி வரை சாப்பாடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வியர்வை, கைநடுக்கம், கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போனது, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவர் வெறுமையாகப் பார்த்தது, இனிப்புக் கொடுத்ததும் தெளிந்தது. இவ்வளவும் சேர்ந்தால் அது சீனி இறங்கியதாகத்தான் இருக்க வேண்டும். சரியான நேரத்தில் நீங்கள் இனிப்புத் தேத்தண்ணி கொடுத்தீர்கள். அந்த வீதியில், ஒரு பக்கம் பள்ளத்தோடு, இன்னும் பத்து நிமிடம் அவர் ஓட்டியிருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அட்டெனொலொல் போடுகிறவர்களுக்குச் சீனி இறங்கும்போது வழக்கமாக வரும் கைநடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் அந்தக் குளிசை மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. அன்று அவர் அட்டெனொலொல் போடாததால்தான் நடுக்கம் உங்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடும். ஒழுங்காகக் குளிசை போட்ட நாளில் இப்படி நடந்தால் சட்டை நனைவது மட்டும்தான் அடையாளமாக இருக்கலாம். ஜன்னலால் குளிர்காற்று வரும்போது நெற்றி வியர்த்தால், காரணம் தேடாமல் உடனே காரை ஓரங்கட்டச் சொல்லுங்கள்.

ஓரங்கட்டியதும் திறப்பைக் கழற்றி உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைக் கொஞ்சத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், அல்லது ஒரு சிறிய கிளாஸ் இனிப்புச் சோடா. சீனி இல்லாத ‘டயட்’ வகை உதவாது. சொக்லேட்டும் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துச் சீனியைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு தரம் கொடுங்கள். ஏறியதும் பிஸ்கட்டோ பாணோ சாப்பிடட்டும். அளவு வழமைக்கு வந்த பிறகும் 45 நிமிடம் ஓட்ட விடாதீர்கள். கண் தெளிந்துவிடும், ஆனால் மூளை அதற்குப் பிறகுதான் முழுதாகத் தெளியும். மயங்கி, விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம், மலையகத்துக்கும் வரும். ஸ்டியரிங்கைப் பிடிக்க முதல் ஒவ்வொரு முறையும் விரல் நுனியில் சீனி பார்ப்பது நல்லது. 90க்குக் குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே ஓட்ட வேண்டும். இந்தச் சம்பவத்தை அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக் கிளிக்லசைடைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும்.

இனி உயரத்துக்கு வருகிறேன். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்கு. மலை நோய் என்று சொல்லும் தலையிடியும் குமட்டலும் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் வரும். இலங்கையில் அந்த உயரத்தைத் தொடுவது பீதுருதாலகால உச்சி மட்டும்தான், அதுவும் 2,524 மீற்றர். ஆகவே உங்கள் தலையிடிக்கு மலையைக் குற்றம் சொல்ல மாட்டேன். விடிய நாலரைக்குப் புறப்பட்டு, நித்திரை இல்லாமல், நீங்கள் சத்தியெடுத்து வரண்டுபோய், வழியில் கழிவறை கிடைக்காது என்று இருவரும் தண்ணீரையும் குறைத்திருக்கிறீர்கள். தலை இடிக்க அதுவே போதும். பனடோல் போட்டது சரி. டைக்ளோபெனக், ஐபுப்ரோபென் போன்ற வலிக்குளிசைகளை மட்டும் ஐயாவுக்குக் கொடுக்காதீர்கள். லொசார்டனோடு அவை ஒத்துப்போகாது, பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தையும் தாக்கும்.

178/104 வந்ததற்குக் காரணம் பிரிட்ஜுக்கு மேல் இருந்தது. லொசார்டனின் வேலை ஏறக்குறைய ஒரு நாளோடு முடிந்துவிடும். அட்டெனொலொலைத் திடீரென்று விட்டால் அதுவரை அடங்கியிருந்த இதயம் பழைய வேகத்தைவிடக் கூடுதலாக அடிக்கத் தொடங்கும், பிரஷரும் துள்ளும். இதய இரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு இது நெஞ்சுவலியில், மாரடைப்பில்கூட முடியலாம். குளிரும் இரத்தக்குழாய்களைச் சுருக்கித் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றியிருக்கும். கார் ஓட்டி இறங்கிய கையோடு, பயத்தோடு பார்த்த அளவு என்பதையும் கணக்கில் எடுங்கள். ஐந்து நிமிடம் ஆறி அமர்ந்து பார்த்திருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

விடுபட்ட குளிசைகளைச் சேர்த்துப் போட்டது பிழை. எழும்பும்போது தலை சுற்றியதற்கு அதுதான் காரணம். இந்த வயதில் அப்படி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். விடுபட்டது விடுபட்டதுதான், அடுத்த வேளைக்கு உரிய அளவை மட்டும் போட வேண்டும். வழியிலேயே நினைவு வந்திருந்தால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிளினிக் கொப்பியின் படத்தைக் காட்டியிருக்கலாம். இந்தக் குளிசைகள் எங்கும் உள்ளவை. மறந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டுத்தான் பலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். எங்களிடம் வந்து சொல்ல வெட்கப்படாதீர்கள், தயவுசெய்து.

உங்கள் சத்திக்கு வழி பார்க்காமல் புறப்பட்டது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பாதை தெரியாததால் பின்சீற்றில் இருந்து போனில் வரைபடம் பார்த்து ஐயாவுக்கு வழி சொல்லிக்கொண்டு போயிருக்கிறீர்கள். முடக்குக்கு முடக்கு உடம்பு திரும்புவதை உட்காது உணர்கிறது, கண்ணோ அசையாத திரையைப் பார்க்கிறது. இரண்டு செய்தியும் ஒத்துவராதபோது மூளை குமட்டலை எழுப்பும். முன்சீற்றில் இருந்து தூரத்தில் தெரியும் மலையைப் பாருங்கள். போன் சத்தமாக வழி சொல்லட்டும். வயிறு காலியாகவும் வேண்டாம், நிறையவும் வேண்டாம். சின்னரிசின் போன்ற குளிசையை ஏற்றம் தொடங்க இரண்டு மணித்தியாலத்துக்கு முன், அதாவது கொழும்பில் கார் ஏறும்போதே போட வேண்டும். சத்தி தொடங்கிய பிறகு போட்டால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். அது நித்திரையைக் கொண்டுவரும், ஆகவே ஓட்டுகிறவர் தொடவே கூடாது. கண் அழுத்தமோ நடுக்கவாதமோ இருந்தால் உங்கள் டொக்டரைக் கேட்காமல் எந்தப் பயணக் குளிசையும் வேண்டாம். தேசிக்காயை முகர்வதும் இஞ்சியை மெல்லுவதும் சிலருக்கு உதவுகிறது, தாராளமாகச் செய்யுங்கள்.

மகனின் பயம் எனக்கு விளங்குகிறது. கடல் கடந்து இருக்கிறவருக்கு “அப்பாவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது” என்ற ஒரு வசனம் எப்படிக் கேட்டிருக்கும்! ஆனாலும் உங்களை வீட்டோடு இருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் போன பிறகு நாலு சுவருக்குள் இருந்து கால் வீங்கி, நித்திரை கெட்டு, ஒருவரோடு ஒருவர் பேசவும் விஷயம் இல்லாமல் என்னிடம் வரும் கணவன் மனைவியரை வாரா வாரம் பார்க்கிறேன். சாப்பாட்டு மேசையில் “போவமா?” என்று கேட்க இன்னும் ஐயாவுக்குத் தோன்றுகிறது, உங்களுக்கும் எழும்பிப் போக மனம் வருகிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

அறையை ஒழுங்கு செய்யாமல் போங்கள். மருந்தை மட்டும் எப்போதும் ஒழுங்கு செய்து வையுங்கள். கார்த் திறப்பு தொங்கும் அதே ஆணியில் ஒரு சிறிய பையும் தொங்கட்டும். நாலு நாளுக்கு உரிய எல்லாக் குளிசைகளும், சீனி பார்க்கும் கருவியும், ஒரு பக்கெட் குளுக்கோசும் அதில் இருக்க வேண்டும். மாதா மாதம் கிளினிக் குளிசை வாங்கி வரும் அன்றே பையில் இருக்கும் பழையதை எடுத்துப் பாவித்துவிட்டுப் புதியதை வையுங்கள். காருக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள், கொழும்பு வெயிலில் பூட்டிய காரின் சூட்டில் குளிசையும் பரிசோதனைப் பட்டியும் கெட்டுவிடும்.

ஹோட்டன் சமவெளிக்கு இப்போதைக்கு வேண்டாம். உயரத்துக்காகச் சொல்லவில்லை. அங்கே உலக முடிவு என்ற மலை விளிம்பைப் பார்த்துத் திரும்ப சுமார் 9 கிலோமீற்றர் நடக்க வேண்டும், இடையில் வாகனம் வராது. ஐயாவுக்கு நுவரெலியாவில் படி ஏற மூச்சு வாங்கியது வெறும் களைப்பாக இருக்கலாம், குளிசை விட்டதால் இருக்கலாம். ஆனால் நீண்டகாலம் சீனி உள்ளவருக்கு இதயக் கோளாறு நெஞ்சுவலி இல்லாமல், மூச்சு வாங்குவதாக மட்டும் வருவதுண்டு. இந்த வாரமே ஒரு ஈசிஜி எடுங்கள், தேவையானால் நடக்கவிட்டுப் பார்க்கும் பரிசோதனையும் செய்வார்கள். அதற்கிடையில் மூச்சு வாங்குவது திரும்ப வந்தால், அல்லது நெஞ்சு இறுகினால், நாள் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லாம் சரி என்று வந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த மாதம் போகலாம் என்று அப்போது பேசுவோம்.