முழு மயக்கமா, அரைத் தூக்கமா?

கேள்வி: மாமனாருக்கு வயது 68. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் வலது கையும் காலும் வராமல் போய், பேச்சும் நின்றுவிட்டது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். தொடை வழியாக டியூப் விட்டு மூளை ரத்தக்குழாயின் அடைப்பை எடுக்க ஒரு கையெழுத்து, மயக்கத்துக்குத் தனியாக ஒரு கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு இதே சிகிச்சை நடந்தது. இவருக்கு மட்டும் ஏன் முழு மயக்கம்? இந்த வயதில் அது ஆபத்து இல்லையா?
- வாசகி, களியக்காவிளை

பதில்: இரண்டும் நடைமுறையில் உள்ள வழிகள்தான். ஒன்றில் தொடை இடுக்கில் மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போட்டு, தேவைப்பட்டால் நரம்பு வழியே கொஞ்சம் தூக்க மருந்து கொடுப்பார்கள். கூப்பிட்டால் ஆள் கண் திறப்பார். இதுதான் அரைத் தூக்கம். மற்றதில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைப்பார்கள்.

முழு மயக்கம் கெடுதல் என்ற பேச்சு முன்பு பலமாக இருந்தது. பழைய கணக்குகளில் அது பெற்றவர்கள் மோசமாகத்தான் தேறினார்கள். ஆனால் நினைவிழந்தவர், வாந்தி எடுப்பவர் என்று ஏற்கெனவே மோசமாக இருந்தவர்களுக்குத்தானே அதைக் கொடுத்தார்கள்? பழி மயக்கத்தின் தலையில் விழுந்தது. 2016 முதல் 2018 வரை சியெஸ்டா (ஜெர்மனி), ஆன்ஸ்ட்ரோக் (ஸ்வீடன்), கோலியாத் (டென்மார்க்) என்ற மூன்று ஆய்வுகள் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தன. மொத்தம் 368 பேர். மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, மூன்று மாதம் கழித்து முழு மயக்கம் பெற்றவர்களே கொஞ்சம் நன்றாக இருந்தார்கள். ஆனால் அங்கெல்லாம் மயக்க மருந்து டாக்டர் குழு தயாராக நின்றது, ரத்த அழுத்தத்தை விழவிடவில்லை. அது இல்லாத ஆஸ்பத்திரிக்கு இந்த முடிவு பொருந்தாது.

ஏன் அழுத்தம் இவ்வளவு முக்கியம்? மடை அடைத்த வாய்க்காலுக்குக் கீழே உள்ள வயல், பக்கத்து வயலிலிருந்து ஊறும் நீரில் தாக்குப்பிடிக்குமே, அப்படித்தான் அடைப்புக்கு அப்பால் உள்ள மூளை கிளைக்குழாய்களின் ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மயக்கம் கொடுத்த முதல் சில நிமிடங்களில் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து அழுத்தத்தைத் தடாலென இறக்கினால் அந்த ஊறலும் நின்றுவிடும். அதனால் அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினோ ஃபெனைல்எஃப்ரினோ முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றி வைத்திருப்பார்கள். அடைப்பு எடுக்கும்வரை மேல் அழுத்தம் 140க்கும் 180க்கும் இடையில் இருக்க வேண்டும். வென்டிலேட்டரை வேகமாக ஓட்டினாலும் கெடுதல்தான்: கரியமில வாயு குறைந்து மூளைக்குழாய்கள் சுருங்கும். அந்த வாயுவின் அளவை 35 முதல் 45 மி.மீ. பாதரசத்துக்குள் பிடிப்பார்கள்.

அரைத் தூக்கத்துக்கும் அதன் தொல்லை உண்டு. உங்கள் மாமனாருக்கு வலது பக்கம் போய், பேச்சும் போயிருக்கிறது. அப்படியென்றால் பெரும்பாலும் இடது மூளை. "அசையாதீங்க" என்று சொன்னால் அதுவே புரியாமல் இருக்கலாம். தலையைத் திருப்பினால் திரையில் உள்ள எக்ஸ்ரே வரைபடம் கலைந்துபோகும், டியூப் வழியே போகும் கம்பி ரத்தக்குழாயைக் குத்திவிடக்கூடும். சியெஸ்டாவில் அரைத் தூக்கத்தில் தொடங்கியவர்களில் ஏழில் ஒருவரைப் பாதியில் முழு மயக்கத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. தொடையில் டியூப் இருக்க, துணிக்கு அடியில் புகுந்து, எக்ஸ்ரே கருவியை ஒதுக்கிவிட்டு மூச்சு டியூப் போடுவது எல்லாவற்றிலும் மோசமான நிலை. உங்கள் தெருக்காரர் அநேகமாகச் சொன்னதைக் கேட்டு அசையாமல் படுத்திருக்கக்கூடியவர்.

எல்லைப்புறத்துக் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் நர்ஸ் "மயக்கம்" என்றால் கண்ணயர்வைக்கூடக் குறிக்கும். நம் காதில் அது சுயநினைவு போவதாக விழும். "போதம் கெடுத்துமோ?" என்று கேளுங்கள், பதில் தெளிவாக வரும்.

கேள்வி: அம்மாவுக்கு வாய் கோணியபோது தெம்புக்குக் கட்டன் சாயா கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் திட்டினார்கள். அதில் என்ன தப்பு?
- வாசகர், செங்கோட்டை

பதில்: பக்கவாதத்தில் விழுங்கும் தசையும் தளரும். சாயா நுரையீரலுக்குள் போகலாம். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி வந்தாலும் அதே கதிதான். அதற்காக ஆறு மணி நேரம் பட்டினி போட்டுக் காத்திருக்க இந்த நோய் விடாது. நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. வயிறு நிறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மடமடவென டியூப் போடுவார்கள். ஆகவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரினும் பிரஷர் மாத்திரையும் வீட்டில் கொடுக்க வேண்டாம். சிடி எடுக்கும்வரை அடைப்பா, ரத்தக்கசிவா என்று தெரியாது.

வண்டியிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம் (விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம் அல்ல), கடைசியாகச் சாப்பிட்ட நேரம், எடை, அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, அலர்ஜி. பல்செட்டைக் கழற்றிப் பையில் போடுங்கள். அது தொண்டைக்குள் நழுவிய கதைகள் உண்டு.

கேள்வி: அடைப்பை எடுத்த பிறகும் அப்பாவுக்கு வாயில் டியூப் இருக்கிறது. பிரஷர் 150, குறைக்கவும் மாட்டேன் என்கிறார்கள்.
- வாசகர், கூடலூர் (தேனி)

பதில்: விழித்து, இருமி, சளியைத் தானே வெளியேற்றும் அளவுக்கு வந்ததும் டியூபை எடுப்பார்கள். பலருக்குக் கேத் லேபிலேயே (அடைப்பு எடுக்கும் அறையிலேயே) எடுத்துவிடலாம். மூளை வீங்கினாலோ வாந்தி நுரையீரலுக்குப் போயிருந்தாலோ தாமதமாகும். எது காரணம் என்று கேளுங்கள். அழுத்தம் 180/105க்குள் இருந்தால் போதும். 120க்குக் கீழே இறக்கிப் பார்த்த சீன ஆய்வு, நோயாளிகள் மோசமானதால் 2022இல் நிறுத்தப்பட்டது. 150 நல்ல எண். தொடையில் துளை போட்ட காலை மட்டும் மடக்கவிடாதீர்கள். அந்த இடம் வீங்கினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.