எல்லோரும் தைரியமாக இருக்கச் சொல்கிறார்கள்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் அப்பா திடீரென்று இறந்துவிட்டார். தம்பி வழக்கம்போல விளையாடப் போகிறான். எனக்குப் படிப்பு ஓடவில்லை, இரண்டு பாடங்களில் அரியர். 'அன்றைக்கே டாக்டரிடம் போயிருந்தால்' என்று ராத்திரி முழுக்க யோசிக்கிறேன். "நீதான் தைரியமா இருக்கணும்" என்கிறார்கள் எல்லோரும். எனக்கு மனவலிமையே இல்லையா?

பதில்: நான்கு மாதமெல்லாம் ஒரு காலமே இல்லை அம்மா. தம்பி விளையாடுவதை வைத்து அவனுக்கு வலிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டுத்தான் வரும்.

நீங்கள் அழுவது எனக்குக் கவலையாக இல்லை. அந்த ராத்திரி யோசனைதான் கவலை தருகிறது. 1989-ல் கலிஃபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று அங்குள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டு வைத்திருந்தார். சோர்வையே மனதுக்குள் போட்டு உருட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு, நிலநடுக்கம் முடிந்து ஏழு வாரம் கழித்தும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது.

யோசித்தால் ஏதாவது ஒரு முடிவுக்கு வருவோம். உருட்டினால் விடிய விடிய அதே இடம்தான். அதை அதட்டி நிறுத்த முடியாது, எழுதிப் பாருங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், தங்களைப் பாதித்த சம்பவத்தையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதிய அன்று மனம் கனத்துத்தான் போனது. ஆனால் பிந்தைய மாதங்களில், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட இவர்கள் மருத்துவரிடம் போனது குறைவு. யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்துப் போட்டாலும் சரி. தாங்க முடியவில்லை என்றால் பாதியில் நிறுத்திவிடுங்கள்.

அரியர் வேறு கதை. துறைத்தலைவரிடம் நேரில் போய் நடந்ததைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். சொல்லாவிட்டால் அவர் கண்ணில் படுவது மதிப்பெண் மட்டும்தான்.

தைரியமாக இருக்கச் சொல்பவர்கள் நல்லவர்கள்தான், சொல்கிற வாக்கியம்தான் மோசம். மூத்த பிள்ளை அழக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அம்மாவோடு உட்கார்ந்து அழுங்கள், அவருக்கும் அது தேவைப்படும்.

அப்புறம், தூக்கமும் சாப்பாடும் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரே ஒரு தடவை வந்தாலும் அந்த இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவரோடு அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.