ஈட்டிக்குத் தப்பியவை வலைக்குத் தப்புமா?

திமிங்கிலங்கள், டால்பின்கள், அவை வாழும் கடல் ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்ததால் ஒத்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: திமிங்கில வேட்டையை உலக நாடுகள் எப்போதோ தடை செய்துவிட்டன என்று படித்திருக்கிறேன். பிறகும் அவை அழிந்துவருவதாகச் சொல்வது ஏன்?

பதில்: தடை உண்மைதான். சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் 1982-ல் வணிக வேட்டையை நிறுத்திவைக்க வாக்களித்தது. நான்கு ஆண்டுகளுக்குள் அது நடைமுறைக்கு வந்தது. நார்வே 1993-லும் ஐஸ்லாந்து 2006-லும் வணிக வேட்டைக்குத் திரும்பின. ஜப்பான் 2019-ல் ஆணையத்திலிருந்தே விலகித் தன் கடற்பகுதியில் வேட்டையைத் தொடங்கியது. இவற்றைக் கழித்துப் பார்த்தாலும், மனிதர்கள் கூடிப் பேசிக் கடலுக்குச் செய்த நன்மைகளில் அந்தத் தடைக்கு முதலிடம் கொடுப்பேன்.

ஆனால் அதற்குள் நடந்து முடிந்த அழிவு மிகப் பெரியது. முனையில் வெடிகுண்டு பொருத்திய ஈட்டியைப் பீரங்கியால் எய்யும் முறையும், செத்த உடலைப் பின்புறச் சரிவு வழியாக மேல்தளத்துக்கு இழுத்து அங்கேயே வெட்டிக் கொழுப்பைக் காய்ச்சும் ஆலைக் கப்பல்களும் வந்த பிறகு, 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. சோவியத் கப்பல்கள் கணக்கில் காட்டாமல் கொன்றவை மட்டுமே 1,80,000 அளவுக்கு இருக்கும் என்பது பின்னாளில் அவர்களுடைய ஆவணங்களிலிருந்தே தெரியவந்தது. அண்டார்டிகாவின் நீலத் திமிங்கிலங்கள் பழைய எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போயின. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டி ஈனும் உயிரினம் அத்தகைய அடியிலிருந்து எழுந்துவரத் தலைமுறைகள் ஆகும்.

சில இனங்கள் எழுந்தும் வந்திருக்கின்றன. தெற்கு அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியில் சில நூறாகக் குறைந்துபோன கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் இப்போது 25,000 அளவுக்குப் பெருகியுள்ளன. அதே பெருங்கடலின் வடக்கில் வாழும் ரைட் திமிங்கிலத்தை வணிகத்துக்காக வேட்டையாடுவது 1930-களிலேயே தடை செய்யப்பட்டும், இன்று 400-க்கும் குறைவாகவே மிஞ்சியுள்ளன. அது கரையை ஒட்டி, கப்பல் வழிகளுக்கும் மீன்பிடிக் கயிறுகளுக்கும் நடுவில் வாழ்கிறது என்பதே வேறுபாடு. வேட்டை ஒருவர் முடிவெடுத்துச் செய்வது. முடிவை மாற்றினால் நின்றுவிடும். இன்றைய மரணங்களையோ யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஆகவே கடலில் நாம் தொழில் செய்யும் முறையை மாற்றினாலொழிய அவை நிற்கப்போவதில்லை.

கேள்வி: இன்று கடல்வாழ் உயிர்களின் முதல் எதிரி பிளாஸ்டிக்தானே?

பதில்: பிளாஸ்டிக் கொடியது என்பதில் ஐயமில்லை. 2019-ல் பிலிப்பைன்சில் கரையொதுங்கி இறந்த ஓர் அலகுத் திமிங்கிலத்தின் வயிற்றில் 40 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. ஆழத்தில், இருளில், எதிரொலியைக் கேட்டே கணவாயைத் தேடும் விலங்குக்கு, மிதந்து வரும் பையையும் இரையையும் பிரித்தறிவது எளிதன்று. ஆயினும் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் பொறுத்தவரை முதலிடத்தில் இருப்பது மீன்பிடி வலை. வேறு மீனுக்கு விரித்த வலையில் சிக்கி ஆண்டுதோறும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவை இறப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். குப்பையைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது. வலையைப் பற்றிப் பேசினால் ஒருவருடைய பிழைப்பைத் தொட வேண்டியிருக்கிறது. அதனாலேயே இது போதிய அளவு பேசப்படவில்லை என்று கருதுகிறேன்.

செவுள் வலை நைலான் நூலால் ஆனது. நீருக்குள் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. டால்பின் எழுப்பும் ஒலிக்கும் அதிலிருந்து மிக மெல்லிய எதிரொலியே திரும்புகிறது. நம்மைப் போலவே காற்றைச் சுவாசிக்கும் அந்த விலங்கு, துடுப்போ வாலோ கண்ணிகளில் மாட்டிக்கொண்டால், மூச்சுக்கு மேலே வர முடியாமல் சில நிமிடங்களில் இறந்துவிடும். பெருந்திமிங்கிலங்களின் சாவு இன்னும் நீண்டது. நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் கடலடியில் வைக்கும் கூண்டிலிருந்து மேலே மிதவை வரை நிற்கும் கயிறு அவற்றின் வாயிலோ வாலடியிலோ சுற்றிக்கொள்ளும். கயிற்றையும் கூண்டையும் இழுத்துக்கொண்டே மாதக்கணக்கில் நீந்தும். கயிறு தோலை அறுத்து, கொழுப்பை அறுத்து, எலும்பு வரை இறங்கும். வடக்கு அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றின் உடலில் இத்தகைய தழும்பு உண்டு.

மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் வாகீட்டா என்ற, டால்பினை ஒத்த சிறிய கடற்பன்றி, டோட்டோவாபா என்ற மீனுக்காக விரிக்கப்படும் வலைகளால் ஏறக்குறைய முடிந்தேபோனது. அந்த மீனின் காற்றுப்பைக்குக் கள்ளச்சந்தையில் கிடைக்கும் விலைதான் காரணம். 1997-ல் 600-ஐ ஒட்டி இருந்தவை இன்று பத்தை ஒட்டியே உள்ளன. 2017-ல் சிலவற்றைப் பிடித்துப் பாதுகாப்பான அடைப்பில் வளர்க்க முயன்றபோது, பிடிபட்ட பெண் வாகீட்டா ஒன்று அதிர்ச்சியில் இறந்துவிட, அந்த முயற்சியே கைவிடப்பட்டது. வலையை அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

வழிகள் இல்லாமல் இல்லை. கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கில் சூரை மீன் கூட்டத்தோடு சேர்ந்து நீந்தும் டால்பின்களைச் சுருக்குமடி வலையில் வளைத்துப் பிடித்ததில் லட்சக்கணக்கானவை இறந்தன. வலையின் ஒரு பக்கத்தைத் தாழ்த்தி அவற்றை வெளியேற்றும் முறையும், கப்பல்தோறும் கண்காணிப்பாளரும், நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கையும் வந்த பிறகு அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அந்தக் கப்பல்கள் மீன்பிடியை நிறுத்திவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒலி எழுப்பி எச்சரிக்கும் சிறு கருவியை வலையில் கட்டுவது, கூண்டை எடுக்கும் நேரத்தில் மட்டும் மிதவை மேலெழும்படி அமைப்பது எனப் பிற முறைகளும் உள்ளன. அவற்றுக்கான செலவை மீனவர் தலையில் கட்டாமல் அரசுகள் ஏற்க வேண்டும்.

கேள்வி: கடலில் கப்பல் எழுப்பும் ஓசை திமிங்கிலத்துக்குத் தீங்கு என்கிறார்கள். ஓசை எப்படி ஓர் உயிரைக் கொல்லும்?

பதில்: நீரில் வெளிச்சம் சில நூறு மீட்டருக்குள் மங்கிவிடுகிறது, ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேலான விரைவில், நெடுந்தொலைவு செல்கிறது. எனவே இரையைத் தேடுவதும், துணையை அழைப்பதும், குட்டியைத் தன்னருகே வைத்திருப்பதும் இவற்றுக்குச் செவியால்தான் நடக்கின்றன. நீலத் திமிங்கிலத்தின் குரல் நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தது. பெரிய கப்பலின் உந்துவிசிறி சுழலும்போது நீரில் எண்ணற்ற குமிழிகள் தோன்றி உடைகின்றன. அந்த இரைச்சலும் அதே தாழ்ந்த அலைவரிசையில்தான் விழுகிறது. அழைத்த குரல் பதில் பெறாமலே போகிறது.

இதை அளந்து காட்டிய சந்தர்ப்பம் ஒரு துயரத்தின் விளைவாக வாய்த்தது. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு சில நாட்கள் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. நீரடி இரைச்சல் 6 டெசிபல் தாழ்ந்தது. அப்போது அங்கிருந்த ரைட் திமிங்கிலங்களின் மிதக்கும் கழிவைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள், அதில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்களின் அளவு குறைந்திருப்பதைக் கண்டார்கள். கப்பல்கள் திரும்பிய பின் வந்த ஆண்டுகளில் அத்தகைய இறக்கம் காணப்படவில்லை. ஆக, இடைவிடாத பதற்றமே அவற்றின் அன்றாட நிலையாகிவிட்டது என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

நேரடியாகக் கொல்லும் ஓசையும் உண்டு. 2002-ல் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளுக்கு அருகே கடற்படைப் பயிற்சி நடந்தபோது அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையொதுங்கின. அவற்றின் உடல்களைப் பரிசோதித்தபோது திசுக்களில் வாயுக் குமிழிகளால் விளைந்த சேதம் தென்பட்டது. ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறும் முக்குளிப்பவருக்கு வரும் நோயை ஒத்த நிலை அது. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் ஒலிக்கு அஞ்சி, வழக்கமான முறையை மீறி அவை நீந்தியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஸ்பெயின் 2004-ல் அந்தத் தீவுகளைச் சுற்றி இத்தகைய சோனாருக்குத் தடை விதித்தது. அதன் பின்னர் வந்த பல ஆண்டுகளில் அவ்வாறான கூட்டச் சாவு அங்கே நிகழவில்லை. ஓசை மாசுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: எண்ணெயும் நஞ்சும் கடலில் தங்கிவிடும், ஓசையோ நிறுத்திய கணமே இல்லாமற்போகும்.

கேள்வி: அவ்வளவு கூர்மையான செவி உள்ள விலங்கு, எதிரே வரும் கப்பலை விட்டு விலகாதது ஏன்?

பதில்: கப்பலின் இரைச்சல் பின்புறத்தில் பிறக்கிறது, நீண்ட உடற்பகுதி அதை மறைப்பதால், நேர் முன்னால் நீர்மட்டத்தில் இருக்கும் திமிங்கிலத்துக்கு அது தெளிவாகக் கேட்பதில்லை. மேலும், இவ்வளவு விரைவாக வரும் பெரும்பொருளைப் பற்றிய அச்சம் அவற்றுக்கு இயல்பாக வாய்க்கவில்லை. நீலத் திமிங்கிலங்களின் உடலில் கருவி பொருத்திக் கவனித்தபோது, கப்பல் நெருங்குகையில் அவை மெதுவாகத் தாழ்ந்தனவே தவிர, பக்கவாட்டில் விலகிச் செல்லவில்லை.

ஆகவே விலக வேண்டிய பொறுப்பு நம்முடையது. வேகத்தை 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர், என்ற அளவுக்குக் குறைத்தால் மோதலில் உயிர் போகும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குறிப்பிட்ட பருவங்களில் 2008 முதல் இந்த விதி உள்ளது. ஃபண்டி விரிகுடாவில் 2003-ல் கப்பல் வழியையே திமிங்கிலங்கள் கூடும் இடத்திலிருந்து நகர்த்தினார்கள். வரைபடத்தில் ஒரு கோட்டைச் சற்றுத் தள்ளிப் போட்டதற்கு இணையான இந்த மாற்றம் எத்தனையோ மோதல்களைத் தவிர்த்திருக்கும். வேகத்தைக் குறைப்பதால் எரிபொருள் மிச்சமாவதும் இரைச்சல் தணிவதும் கூடுதல் ஆதாயங்கள்.

கேள்வி: திமிங்கிலங்கள் பெருகினால் மனிதர்களுக்கான மீன் குறைந்துவிடாதா?

பதில்: நீலத் திமிங்கிலம் முதலான பல பெருந்திமிங்கிலங்களின் உணவு, கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர். ஸ்பெர்ம் திமிங்கிலம் பெரும்பாலும் ஆழ்கடல் கணவாயைத் தின்கிறது. ஆழத்தில் தின்றுவிட்டு நீர்மட்டத்துக்கு அருகே அவை வெளியேற்றும் கழிவு, இரும்புச் சத்தையும் நைட்ரஜனையும் மேலே கொண்டுவந்து சேர்க்கிறது. கடல் உணவுச் சங்கிலியின் அடித்தளமான நுண்பாசிகளுக்கு அது உரம். மீன்வளம் குன்றியதற்கான காரணத்தைத் தேடுபவர்கள் அளவுமீறிய மீன்பிடிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில் யாருடைய சட்டம் செல்லும்?

பதில்: கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால் உள்ள பகுதி, உலகக் கடற்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மீன்பிடிக்கும் கப்பல் போக்குவரத்துக்கும் சுரங்கத்துக்கும் தனித்தனி அமைப்புகள் இருந்தனவே அன்றி, அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிப்பதற்கு அனைவரையும் கட்டுப்படுத்தும் பொது நடைமுறை நெடுங்காலம் இல்லை. ஐக்கிய நாடுகள் அவையில் 2023 ஜூனில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. 60 நாடுகள் உறுதி செய்ததையடுத்து 2026 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 2030-க்குள் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாப்பதாக 2022-ல் நாடுகள் கொடுத்த வாக்கை, இந்த உடன்படிக்கை இல்லாமல் காப்பாற்றவே முடியாது. ஆனால் ஓரிடத்தைக் காப்பகமாக அறிவித்துவிட்டு, கண்காணிக்கக் கப்பலும் செயற்கைக்கோள் தரவும் ஒதுக்காவிட்டால் அந்த எல்லைக்கோடு வலைகளைத் தடுக்காது.

கேள்வி: டால்பின் காட்சிகளைக் குழந்தைகள் மிகவும் விரும்புகிறார்கள். அழைத்துச் செல்வது தவறா?

பதில்: செல்ல வேண்டாம் என்பதே என் பதில். நாளொன்றுக்குப் பல பத்துக் கிலோமீட்டர் நீந்தக்கூடிய, கூட்டத்தோடு வாழும் விலங்கை எந்தத் தொட்டியிலும் நல்லபடியாக வைத்திருக்க இயலாது. அதன் வாயமைப்பு எப்போதும் சிரிப்பதுபோல் இருப்பதால் துன்பத்திலும் அது மகிழ்ச்சியாகவே தோன்றும். கடலில் காண வாய்ப்பிருந்தால், விலகி நின்று, எஞ்சினைத் தணித்து, துரத்தாமல் காட்டும் படகோட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: உயிருடன் ஒரு டால்பினோ திமிங்கிலமோ கரையொதுங்கியிருப்பதைக் கண்டால் உடனே கடலில் தள்ளிவிடலாமா?

பதில்: தள்ளாதீர்கள். நோயுற்றோ காயம்பட்டோ வந்த விலங்கு பெரும்பாலும் மறுபடியும் கரைக்கே திரும்பும். வாலையோ துடுப்பையோ பிடித்து இழுத்தால் மூட்டு பிசகிவிடும். முதலில் வனத்துறைக்கோ கடலோரக் காவலுக்கோ மீட்புக் குழுவுக்கோ தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை, விலங்கு வயிறு கீழாக நிமிர்ந்து கிடக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். ஈரத்துணி போர்த்தித் தோலை நனைத்துக்கொண்டே இருக்கலாம். தலை உச்சியிலுள்ள மூச்சுத்துளையைத் துணியோ நீரோ மணலோ மூடிவிடக் கூடாது. வெயில் படாமல் நிழல் அமைப்பது மிகவும் உதவும், ஏனெனில் கொழுப்புப் படலத்தால் உடற்சூடு வெளியேறாமல் அது வெந்துபோகும். கூட்டத்தை அகற்றுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், வாலுக்கு அருகே நிற்காதீர்கள்; அது ஒருமுறை வீசினால் எலும்பு முறியும்.

இறந்த உடலைக் கண்டாலும் அவசியம் தெரிவியுங்கள். வலையின் தழும்பா, கப்பல் மோதிய முறிவா, வயிற்றில் பிளாஸ்டிக்கா, செவியில் சேதமா என்பது உடற்கூறு ஆய்வில்தான் தெரியவரும். கேனரித் தீவுகளில் சோனாருக்குத் தடை வந்ததும் அவ்வாறு ஆராயப்பட்ட உடல்களைக் கொண்டுதான்.