சர்க்கரையை வாங்கிக்கொண்டு வேலை செய்யாத பாக்டீரியா: கேள்வி பதில்

ஒன்றுக்கொன்று உதவி வாழும் உயிரினங்களுக்குள் ஏமாற்று உண்டா என்று குமரி மாவட்ட வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

குலசேகரம், ரப்பர் விவசாயி: ஐயா, இளம் ரப்பர் கன்றுகளுக்கு இடையில் மியூக்குனா என்ற பயறு வகைக் கொடியைப் படரவிட்டிருக்கிறேன். வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜன் எடுத்துத் தரும் என்கிறார்கள். கொடி தருவதை வாங்கிக்கொண்டு அது சும்மா இருந்துவிட்டால்?

சும்மா இருப்பவையும் உண்டு. நைட்ரஜனைப் பிடிக்க ஏராளமான ஆற்றல் செலவாகும். அந்த வேலையைத் தவிர்த்து, செடியிடமிருந்து கிடைக்கும் சர்க்கரையைத் தன் பெருக்கத்துக்கே செலவிடும் ரைசோபியத்துக்கு, அதாவது இந்த வேர்முடிச்சு பாக்டீரியாவுக்கு, உடனடி லாபம். ஒரே செடியின் வேரில் பல ரகங்கள் குடியிருப்பதால், ஒன்று உழைக்க மற்றொன்று உண்டு வாழவும் வழியிருக்கிறது. அப்படியானால் பயறு வகைச் செடிகளின் இந்த உறவு கோடிக்கணக்கான ஆண்டுகள் எப்படி நீடித்தது?

2003இல் டோபி கியர்ஸ் குழுவினர் சோயா செடியில் இதைச் சோதித்தார்கள். சில வேர்முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். உள்ளிருந்த பாக்டீரியா எவ்வளவு முயன்றாலும் செடிக்கு எதுவும் தர முடியாது. அந்த முடிச்சுகளுக்குள் ஆக்சிஜன் புகுவதைச் செடி குறைத்துவிட்டது. அங்கிருந்த பாக்டீரியாவின் பெருக்கமும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. செடிக்கு மூளை இல்லை, கோபமும் இல்லை. ஆனால் எந்த முடிச்சிலிருந்து வரவு இல்லையோ அந்த முடிச்சுக்குச் செலவைக் குறைக்கும் அமைப்பு அதற்குள் இருக்கிறது. கூட்டுறவு நிலைக்க நல்லெண்ணம் தேவையில்லை, கொடுப்பதை நிறுத்தும் வசதி ஒரு தரப்பிடமாவது இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

உங்கள் தோட்டத்திலேயே பார்க்கலாம். கொடியை வேரோடு பிடுங்கி ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே சிவப்போ இளஞ்சிவப்போ தெரிந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. யூரியாவை அள்ளிப் போட்ட மண்ணில் முடிச்சே குறைவாக இருக்கும். கேட்காமலே நைட்ரஜன் கிடைக்கும்போது செடி எதற்காகச் சர்க்கரை செலவழித்துக் கூட்டாளி வைத்துக்கொள்ள வேண்டும்?

கடியபட்டணம், சிப்பி எடுப்பவர்: பாறைக்கடியில் பெரிய களவா மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நீலக்கோடு போட்ட சிறு மீன் ஒன்று உள்ளே போய் வருகிறது. களவா அதை ஏன் விழுங்குவதில்லை?

நல்ல கண் உங்களுக்கு, தம்பி. அது துப்புரவு மீனாக இருக்கும். மன்னார் வளைகுடாப் பவளப் பாறைகளிலும் உண்டு. பெரிய மீன்களின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று அவற்றைச் சுத்தம் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒட்டுண்ணியைவிட மீனின் மேல்தோலில் படியும் வழுவழுப்புதான் இதற்கு அதிகம் பிடிக்கும். அதற்காக அவ்வப்போது கடித்துவிடும். கடிபட்ட மீன் உடல் சிலிர்க்கும்.

பிறகு நடப்பது வந்த மீனைப் பொறுத்தது. அதே பாறையை விட்டு நகராத மீன் துரத்தும். தூரம் சுற்றும் மீன் அடுத்த துப்புரவு மீனைத் தேடிப் போய்விடும். களவாவைப் போன்ற வேட்டை மீனைக் கடிக்கத் துப்புரவு மீன் துணிவதே இல்லை என்று சொல்லலாம். பக்கத்தில் இன்னொரு மீன் காத்திருந்து பார்த்துக்கொண்டிருந்தால் அப்போதும் அது ஒழுங்காக நடந்துகொள்கிறது. ரெடுவான் பிஷாரியும் அலெக்சாண்ட்ரா கிரட்டரும் 2006இல் இதைக் காட்டினார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து சுத்தம் செய்யும்போது பெண் கடித்து, வந்த மீன் போய்விட்டால், ஆண் மீன் பெண்ணைத் துரத்தித் தண்டிப்பதும் உண்டு. ஓர் உள்ளங்கையில் அடங்கும் மீன் இத்தனையையும் கணக்கில் வைத்துக்கொள்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

ஒரு எச்சரிக்கை. இதே நிறமும் கோடுகளும் கொண்டு, துப்புரவே செய்யாமல் துடுப்பைக் கடித்துத் தின்னும் போலி மீன் ஒன்றும் இருக்கிறது. அது வேறு இனம். கூட்டாளி தவறுவதும் வேற்றாள் வேடம் போடுவதும் ஒன்றல்ல.

மார்த்தாண்டம், தேனீ வளர்ப்பவர்: எங்கள் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். தேனீ ரப்பர் மரத்துக்கு என்ன செய்கிறது?

அந்த இனிப்பு பூவிலிருந்து வருவதில்லை. இலையுதிர்வுக்குப் பின் தளிர்க்கும் இலைகளில், மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்திலுள்ள சுரப்பியிலிருந்து வருகிறது. பல செடிகளில் இத்தகைய சுரப்பிகள் எறும்பைக் காவலுக்கு அழைப்பவை. ரப்பர் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்பவை பெரும்பாலும் நுண்ணிய ஈக்களும் இலைப்பேன்களும். ஆக, உங்கள் தேனீ எடுத்துக்கொள்கிறது, திருப்பித் தருவதில்லை. ஆனால் இதை ஏமாற்று என்று சொல்ல நான் தயாரில்லை. மரத்துக்கு நட்டம் வந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். கசிந்து நிற்கும் இனிப்பை நக்குவதால் மட்டும் நட்டம் என்று ஆகிவிடாது.

கீரிப்பாறை: அத்திக்காய்க்குள் இருக்கும் குளவிகள் எல்லாமே மகரந்தம் கொண்டு வருபவையா?

இல்லை. காய்க்குள் நுழைபவைதான் கொண்டு வருகின்றன. வெளியிலிருந்தே நீண்ட முட்டையிடும் குழலைக் காய்க்குள் செருகும் குளவிகள் மகரந்தப் பணி செய்வதில்லை. மகரந்தமில்லாமல் நுழைந்த குளவியின் குஞ்சுகள் உள்ள காயைச் சில அத்தி இனங்கள் பழுக்குமுன் உதிர்த்துவிடுகின்றன.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: எதிரியே இல்லாவிட்டால் கூட்டாளிகள் இன்னும் நிம்மதியாக வாழ்வார்கள் அல்லவா?

கென்யாவில் நேர்மாறாக நடந்தது, அம்மா. அங்குள்ள ஒரு வேல மர இனம், முள்ளின் அடி வீக்கத்தில் எறும்புக்கு இடமும் இலைச் சுரப்பியில் இனிப்பும் தருகிறது. யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய வந்தால் எறும்புகள் கடித்து விரட்டும். அந்த விலங்குகள் நுழையாதபடி பத்தாண்டுகள் மின்வேலி போட்ட இடத்தில் மரங்கள் இனிப்பையும் வீட்டு முள்ளையும் குறைத்தன. காவல் எறும்புகள் மரச்சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகளை முன்னைவிட அதிகமாக வளர்த்தன. அவ்வளவாகக் காவல் செய்யாத வேறொரு எறும்பு இனம் பல மரங்களைப் பிடித்துக்கொண்டது. துளைக்கும் வண்டுகள் குடைந்த துவாரங்களில் வாழும் இனம் அது. டாட் பால்மர் குழுவினர் 2008இல் இதை வெளியிட்டார்கள். யானை தொடாத அந்த மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகமாகச் செத்தன.